பெரட்டுக்கும் மழைக்கும் நடுவே



மலேசியாவின் சிரம்பான், ரந்தாவ், பாஹாவ் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குக் கதையின் இலக்கணம் புதிதல்ல. ஒரு விடியற்காலையை நினைத்துப் பாருங்கள்.

பெரட்டு என்னும் காலை ஆள்கணக்கு முடிந்து ஒரு பெண் தனக்குரிய மரவரிசையான நிரைக்குப் போகிறாள். மகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்க வேண்டும். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். மரத்துக்கு மரம் விரைகிறாள். மேகம் கறுக்கிறது. மழை இறங்கினால் பால் பிடிக்கும் மங்கில் இருப்பதும் வீண், அன்றைய கூலியும் போச்சு.

ஓர் ஆள், அவளுக்கு ஒரு தேவை, குறுக்கே ஒரு தடை. 'ஐயோ, அப்புறம்?' என்று நீங்கள் கேட்டீர்களானால் கதை தொடங்கிவிட்டது.

நான் பெரிதாக மதிப்பது கதை நடக்கும் களத்தைத்தான். இதே கதையைத் தேயிலைத் தோட்டத்துக்கு மாற்ற முடியாது. அங்கே மழையிலும் கொழுந்து பறிப்பார்கள். இடம் மாறினால் சிக்கலே மாறிவிடுகிறது. யார் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். அந்தக் காலையை வேலை வாங்கும் கங்காணி சொன்னால் அது வேறு கதை.

உண்மை நிகழ்ச்சியையும் இப்படி ஓர் ஆளின் கதையாக்கலாம். 1942, 43-இல் ஜப்பானியர் மலாயாத் தோட்டத் தமிழர்களைச் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் பாதை, மாண்டவர்கள் ஏராளம். ஆர். சண்முகம் அதை 'சயாம் மரண ரயில்' என்ற நாவலாக்கினார். வரலாறு கூட்டத்தைக் காட்டும். நாவல் ஒரு மனிதனின் பக்கத்திலேயே நம்மை நடக்க வைக்கும்.

உங்கள் வீட்டில் பால் வெட்டிய பாட்டி இருந்தால், விடியற்காலை இருட்டில் எதற்குப் பயந்தார் என்று இன்றே கேளுங்கள். அவர் சொல்கிறபடியே எழுதி வையுங்கள்.