பத்து ரூபாயும் யானையின் பாதமும்



காட்டோரம் குடித்துவிட்டு வீசியெறியும் மதுபாட்டில் உடைந்து யானையின் பாதத்தில் ஏறுகிறது. காயம் சீழ்பிடித்தால் அவ்வளவு பெரிய விலங்கும் நடக்க முடியாமல் போகும். வீசியவருக்கோ ஒரு காசு நட்டமில்லை.

சிக்கலே இங்கேதான் என்கிறது பொருளாதாரம். கேடு செய்பவர் ஒருவர், அதற்கு விலை கொடுப்பவர் வேறொருவர். அந்த விலையைக் கேடு செய்தவர் தலையிலேயே வைத்தால் கேடு குறையும் என்று 1920-இல் விளக்கினார் ஆர்தர் பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர்.

நீலகிரியில் இதைச் செய்து பார்த்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியதால், 2022-இல் அங்குள்ள டாஸ்மாக் மதுக்கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். விற்றவற்றில் பெரும்பகுதி கடைக்கே வந்து சேர்ந்தது. ஒருவர் வீசினாலும் இன்னொருவர் பொறுக்கிவந்து காசாக்கலாம் அல்லவா? பிறகு வேறு மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது.

ஆலைக் கழிவுக்கும் இதே நியாயம்தான். பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுகட்ட வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மலிவாகக் கிடைக்கும் ஒரு பொருளை வாங்கும்போது, அதன் மிச்ச விலையை எந்த ஆறு, எந்தக் காடு கொடுக்கிறது என்று கேளுங்கள். நம் செலவை நாமே ஏற்பதுதான் நேர்மை.