ஒக்டோபர் 30

நாட்காட்டியின் தாள்கள் யாவும் ஒரே அளவினவே. எனினும் சில திகதிகள், ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வில் மீண்டும் மீண்டும் வந்து நிற்கின்றன. ஒக்டோபர் 30 அத்தகையதொரு திகதி.

1938 ஆம் ஆண்டு இந்நாளில் அமெரிக்காவில் ஒலிபரப்பான வானொலி நாடகமொன்று, செவ்வாய்க் கிரகத்தோர் பூமியில் வந்திறங்கிவிட்டனர் என்று நேயர் சிலரை மெய்யாகவே நம்பச் செய்தது. இந்திய அணுவாராய்ச்சியின் முன்னோடியாகிய ஹோமி பாபா, 1909 இல் இந்நாளிலேயே பம்பாயிற் பிறந்தார். இராமநாதபுரம் சீமையின் பசும்பொன் கிராமத்தில் 1908 இல் பிறந்த முத்துராமலிங்கத் தேவர், தாம் பிறந்த இதே திகதியில் 1963 இல் மறைந்தார்.

அந்த இராமநாதபுரத்திலிருந்தும், மதுரை, திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்தும் கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் பலர், பதுளைக்கு அண்மையிலுள்ள ஸ்பிரிங்வெளி உள்ளிட்ட ஊவாத் தோட்டங்களிற் கொழுந்து பறித்து வாழ்ந்தனர். ஒக்டோபர் 30 அவர்களுக்கு வேறொரு காரணத்தால் மறக்கவொண்ணாத நாளாயிற்று.

1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்களித்தனர்; அவர்தம் பிரதிநிதிகள் பாராளுமன்றம் புகுந்தனர். அடுத்த ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டத்தால் அம்மக்களிற் பெரும்பாலோர் எந்நாட்டுக்கும் உரியவரல்லாதாராயினர். பிரஜாவுரிமையைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று.

இந்நிலை பதினாறாண்டுகள் நீடித்தது. 1964 ஒக்டோபர் 30 அன்று புதுடில்லியில், இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திற் கைச்சாத்திட்டனர். நாடற்றவர் 975,000 பேர் எனக் கணிக்கப்பட்டது. அவர்களுள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் பதினைந்து ஆண்டுகளில் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பது 1974 இல் தீர்மானிக்கப்பட்டது. ஏழு பேர் அங்கே, நால்வர் இங்கே என்பதே முதற்கணக்கின் விகிதம். இவ்வாறு பகுக்கப்பட்ட மக்களின் கருத்தைக் கேளாமலே இது செய்யப்பட்டதென்று தோட்டத் தொழிலாளரின் தலைவர்கள் குறைகூறினர்.

காகிதத்தில் எண்ணாக இருந்தது, தோட்டத்திற் குடும்பமாக இருந்தது. தமையனுக்கு இந்தியக் கடவுச்சீட்டும் தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்த வீடுகள் உண்டு. பதுளையிற் புகையிரதம் ஏறியோர் பொல்காவலை, மதவாச்சி வழியாகத் தலைமன்னாரை அடைந்து, அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரம் சென்றனர். அவர்களுட் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். இந்தியாவை அன்றுதான் முதன்முதலாகக் கண்டனர். 1984 இல் போர்ச் சூழலாற் கப்பல் நின்றது. கடவுச்சீட்டுப் பெற்றும் புறப்படாதோர் தோட்டங்களிலேயே தங்கிவிட்டனர்.

அம்மக்களின் உரிமைக்காக நெடுங்காலம் வாதாடிய சௌமியமூர்த்தி தொண்டமான், 1999 ஆம் ஆண்டு காலமானார். அந்நாளும் ஒக்டோபர் 30 ஆகவே அமைந்தது. ஒப்பந்தம் கைச்சாத்தாகி அன்றோடு முப்பத்தைந்து ஆண்டுகள் நிறைந்திருந்தன.

அவர் மறைந்து நான்கு ஆண்டுகளின் பின், 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும், அவர்தம் வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரஜைகளாகலாம் என்று அது விதித்தது. எத்திகதி மக்களை இரண்டாகப் பிரித்ததோ, அத்திகதியே அவர்களை இந்நாட்டவர் ஆக்கும் எல்லைக்கோடாயிற்று.

எனினும் கதை அங்கே முடியவில்லை. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாட் காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. ஒப்பந்தத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைந்த மறுநாள், அங்கே சேற்றினடியில் மனிதர்களைத் தேடிக்கொண்டிருந்தனர். புதையுண்டோர், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் தமக்குச் சொந்தமாகாத நிலத்திற் குடியிருந்தவர்கள்.

பிரஜை என்னும் பெயர் மலையகத்தாருக்குக் கிடைத்துவிட்டது. பாதுகாப்பான வீடும், அது நிற்கும் நிலத்துக்கு உறுதிப்பத்திரமும் அவர்களுட் பலருக்கு இன்னும் கிடைக்கவேண்டியனவாக உள்ளன.