தோட்டத்துக்குள் தப்பிய காடு



கம்பெனிகள் இயற்கையைக் காக்கின்றன என்றால் நமக்கு நினைவுக்கு வருவது என்ன? சுற்றுச்சூழல் தினத்தில் ஒரு குழி, ஒரு கன்று, சுற்றிப் பத்துப் பேர், ஒரு போட்டோ. அடுத்த ஆடியில் அந்தக் கன்று உயிரோடு இருக்கிறதா என்று எவரும் போய்ப் பார்ப்பதில்லை. போய்ப் பார்க்கிறவர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அவர்கள் வேலை செய்யும் வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். 1890களில் தொடங்கி மழைக்காட்டை அழித்துத் தேயிலையும் காப்பியும் போட்டார்கள். அந்தக் கோடரிக்குத் தப்பிய காட்டுத் துண்டுகள் பல, இன்று தோட்டக் கம்பெனிகளின் நிலத்துக்குள் இருக்கின்றன. சோலைமந்தியும் இருவாச்சியும் அவற்றை நம்பித்தான் பிழைக்கின்றன.

நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பைச் சேர்ந்த திவ்யா முத்தப்பாவும் சங்கர் ராமனும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் துண்டுகளை மீட்டு வருகிறார்கள். பாரி ஆக்ரோ, டாடா காஃபி போன்ற கம்பெனிகள் இதற்கு இடம் கொடுத்தன. அது எப்படிப்பட்ட வேலை தெரியுமா? தார்ச்சாலையில் விழுந்து சக்கரத்தில் நசுங்கப்போகும் விதைகளைப் பொறுக்குகிறார்கள். நாற்றங்காலில் பையில் போட்டு வளர்க்கிறார்கள். உண்ணிச்செடிப் புதரை வெட்டும்போது, அதனடியில் தானாக முளைத்த காட்டுக்கன்று மேல் அரிவாள் பட்டுவிடக் கூடாது. அதற்குக் கை பழக வேண்டும். தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் நடவு. நூற்றுக்கும் மேற்பட்ட வகை மரங்கள்! அதில் வெடிப்பலாவும் ஒன்று. சோலைமந்திக்கு அது சோறு. இந்தக் காட்டுக்கு அவசரம் தெரியாது, தோழர்களே. நட்டவர் முடி நரைத்த பிறகுதான் நிழல் கூடும்.

ஆனால் காடு பிழைத்தால் யானையும் வரும். அந்த விலையைக் கொடுப்பது யார்? அலுவலக நாற்காலியில் இருப்பவரா? இருட்டிய பிறகு பஸ்ஸிலிருந்து இறங்கி, தேயிலைக்கு நடுவே லயன் வீட்டுக்கு நடந்துபோகும் தாய்தான் கொடுக்கிறாள். எதிரே யானை நிற்பது தெரியாமல் போய் உயிரிழந்தவர்கள் இந்த மண்ணில் பலர். அதைத் தடுக்கத்தான் உள்ளூர் கேபிள் டி.வி.யில் யானை நிற்கும் இடத்தை ஓடவிட்டார்கள். பிறகு குறுஞ்செய்தி வந்தது. உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு வைத்தார்கள். யானை அருகில் இருப்பது தெரிந்ததும், பதிவுசெய்த செல்போனிலிருந்து கூப்பிட்டால் அது எரியும். மந்தியையும் மனிதரையும் சேர்த்துக் காக்காத திட்டம் எதுவும் மலையில் நிற்காது என்பது என் உறுதியான எண்ணம்.

இதிலே எனக்கு ஒரு கவலை உண்டு. கம்பெனிகள் கை மாறும், மேனேஜர் மாற்றலாகிப் போவார். ஒரு மேனேஜருக்குக் காடு பிடித்திருந்தது, அடுத்தவருக்கு விறகு பிடித்திருக்கிறது என்றால் என்ன செய்வது? ஆகவே, ஒவ்வொரு தோட்டமும் தன் காட்டுத் துண்டுகளை எல்லை அளந்து வரைபடத்தில் குறிக்கட்டும். தோட்டத்தை விற்றாலும், அந்தத் துண்டுகளை அழிக்கக் கூடாது என்ற நிபந்தனை பத்திரத்தோடு போகட்டும். தெருவிளக்கும், வேலை முடிந்து திரும்புவோருக்கு வண்டியும் தோட்டத்தின் வழக்கமான செலவுக் கணக்கிலேயே ஏறட்டும். இந்தக் கோரிக்கைகளை இந்த அவை இன்றே தீர்மானமாக நிறைவேற்றி, தோட்ட நிர்வாகங்களுக்கும் வனத்துறைக்கும் அனுப்ப வேண்டும் என்று முன்மொழிகிறேன்.