உதவியில் வணிகனுக்கு என்ன வேலை?

(சங்கத்தின் வணிகர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

சர்வதேச உதவித் திட்டங்களிலும் வளர்ச்சித் திட்டங்களிலும் வணிகர்கள் எப்படிப் பங்கு கொள்வது என்பது இன்று நமக்குக் கொடுக்கப்பட்ட பொருள். உதவி என்றால் தருமம், வியாபாரம் என்றால் லாபம், இரண்டுக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கிறார்கள். உறவு நெடுங்காலமாகவே உண்டு. அந்த உறவால் பயன் பெறுவது யார் என்பதே நம் கேள்வி.

பெரியவர்களுக்கு அமெரிக்கக் கோதுமை நினைவிருக்கும். 1954இல் அமெரிக்கா இயற்றிய பி.எல்.480 சட்டத்தின்படி அந்தக் கோதுமை நம் ரேஷன் கடைகளுக்கு வந்தது. பசித்த வாய்க்குச் சோறு கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே 1954இல் இன்னொரு சட்டமும் வந்தது. அரசு அனுப்பும் அத்தகைய சரக்கில் குறைந்தது பாதியாவது அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் போக வேண்டும் என்றது அது. விளைச்சலும் அவர்களது, கப்பல் கூலியும் அவர்களது! இன்று நம் நாடும் கொடுக்கும் நாடாகிவிட்டது. ஏற்றுமதி இறக்குமதி வங்கி மூலம் இந்தியா பிற நாடுகளுக்குத் தரும் கடனில், பொதுவாக ஒப்பந்த மதிப்பின் 75 சதவீதப் பொருளும் பணியும் இந்தியாவிலிருந்தே வாங்கப்பட வேண்டும் என்பது விதி. எனவே, உதவிக்குள் வியாபாரம் நுழையலாமா என்று இனி விவாதிப்பது வீண். அது எந்த வாசல் வழியாக நுழைகிறது என்று பார்ப்போம்.

நம் தீவுகளில் கண்டது

2004 டிசம்பர் 26ஐ இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. இத்தீவுகளில் மாண்டவரும் காணாமற்போனவருமாக மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை அந்த ஒரே காலையில் இழந்தோம். கச்சால் தீவு பாதியாகிப் போயிற்று. 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தின் பேரில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட நம்மவர் சிலர், ரப்பர் பால் எடுக்கக் குடியமர்த்தப்பட்ட தீவு அது. அங்கே நிக்கோபாரியரும் தமிழரும் ஒரே அலையில் போனார்கள்.

வெளிநாட்டு அரசுகளின் உதவி அப்போதைக்குத் தேவையில்லை என்று இந்தியா அறிவித்தது. அதே நாட்களில் நம் கடற்படைக் கப்பல்கள் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நிவாரணம் கொண்டு போயின. இத்தீவுகளின் மறுகட்டுமானம் பெரும்பாலும் அரசின் கையில் இருந்தது. முதலில் தகரக் கொட்டகைகள் எழுந்தன. பிறகு ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நிரந்தர வீடுகளுக்குத் திட்டம் போட்டார்கள். இரும்புச் சட்டமும் தகரமும் சிமெண்டும் பெருநிலத்திலிருந்து கப்பலேறி வந்தன. ஒப்பந்தக்காரரும் தொழிலாளரும் கூடவே வந்தார்கள். வீட்டில் குடியிருக்கப் போகிறவரோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

நிக்கோபாரியரின் பழைய வீடு கால்நட்டு உயர்த்திய பரண் மேல் புல் வேய்ந்தது. பூமி அதிர்ந்தால் அதுவும் ஆடிக் கொடுக்கும். கீழே காற்று ஓடும். துஹேத் என்னும் கூட்டுக் குடும்பமே அவர்களின் வாழ்வுக்கு அடிப்படை. தென்னந்தோப்பும் பன்றியும் அதற்கே சொந்தம். அரசோ கணவன், மனைவி, பிள்ளைகள் என்று கணக்கெடுத்து ஆளுக்கொரு வீடு கொடுத்தது. கூட்டுக் குடும்பம் அந்தக் கணக்கிலேயே உடைந்தது. இழப்பீட்டுப் பணம் வந்தது. அதன் பின்னாலேயே மோட்டார் சைக்கிளும் டி.வி.யும் கப்பலேறின. ஆனால் நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு வருடம் ஆகும். அதுவரை கொப்பரைக்கு என்ன செய்வது என்று எந்த வியாபாரியும் கேட்கவில்லை. வியாபாரம் அங்கே போய்ச் சேர்ந்தது. வளர்ச்சி போய்ச் சேரவில்லை.

பெருநிலத்தில் கண்டது

அதே பேரலை அடித்த தமிழ்நாட்டில் வேறு வழி பிடித்தார்கள். 2005 ஜனவரி 13ஆம் தேதி தமிழக அரசு ஓர் அரசாணை பிறப்பித்தது. தொண்டு நிறுவனங்களும் கம்பெனிகளும் கிராமங்களை ஏற்று வீடு கட்டலாம். நிலத்தை அரசு தரும். ஐம்பது வீடுகளுக்குச் சுமார் 75 லட்சம் ரூபாய் போடக்கூடியவர் முன்வரலாம் என்றது அது. வீட்டின் பட்டா கணவன் மனைவி இருவர் பேரிலும் தரப்பட்டது. அரசோடு கம்பெனி ஒப்பந்தம் போட்டுப் பொறுப்பேற்பது நல்ல முன்னேற்றமே. ஆயினும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று பல ஊர்களில் தீர்மானித்தவர் கொடுத்தவரே, குடியிருப்பவர் அல்லர்.

நாகப்பட்டினத்தில் இன்னொன்றும் நடந்தது. நல்ல மனதோடு அனுப்பிய பழந்துணி மூட்டைகள் சாலையோரத்தில் மலைபோல் கிடந்து மழையில் நனைந்து அழுகின. கேட்காமல் கொடுத்தது குப்பையாயிற்று.

இலங்கையில் கண்டது

இந்த இரண்டு வழிகளையும்விட மேலான ஒன்றை இலங்கையில் பார்க்கலாம். போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல், இந்திய அரசு அங்கே 50,000 வீடுகளுக்கு நிதி அளிக்க முன்வந்தது. முன்னோடியாக முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர் கட்டினார். அதன்பின் வடக்கிலும் கிழக்கிலும் முறையையே மாற்றினார்கள். புது வீட்டுக்கு ஐந்தரை லட்சம் இலங்கை ரூபாயைத் தவணை தவணையாகப் பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே போட்டார்கள். அஸ்திவாரம் எழும்பியதா, அடுத்த தவணை. சுவர் எழும்பியதா, அடுத்தது. ஐ.நா. குடியிருப்பு அமைப்பும் செஞ்சிலுவைச் சங்கங்களும் தொழில்நுட்ப யோசனை சொல்லின. மலையகத் தோட்டங்களில் 4,000 வீடுகள் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் எழுந்தன. கச்சாலுக்கு வந்த நம்மவரின் பாட்டன்மார் கொழுந்து சுமந்த அதே மலைகள் அவை!

குறை இல்லாமல் இல்லை. மணலும் செங்கல்லும் விலை ஏறியபோது பணம் போதாமல் பலர் கடனாளியானார்கள். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே ஆண் துணையற்ற ஒரு தாய் கையில் பணத்தோடு கடைக்குப் போனாள். ஓடு பிடிக்கவில்லையென்றால் அடுத்த கடைக்கு நடந்தாள். அவள் வாடிக்கையாளர், மனுக்கொடுத்துக் காத்துக் கிடப்பவள் அல்ல. உள்ளூர்க் கடைக்காரனும் பிழைத்தான், கொத்தனும் பிழைத்தான், பணம் அந்த மண்ணிலேயே சுற்றியது. வணிகன் நுழைய வேண்டிய வாசல் இதுதான். யாருக்காக உதவி வருகிறதோ அவருக்கே நாம் பதில் சொல்லக் கடமைப்பட்டால், அந்த லாபத்தில் வெட்கம் இல்லை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, சட்டத்தை அறிந்துகொள்வோம். 2013ஆம் வருடக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாம் தொழில் செய்யும் வட்டாரத்துக்கு முதலிடம் தர வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. நம்மில் யாரும் அந்த அளவுக்கு வளர்ந்தவர் அல்லர். ஆனால் இத்தீவுகளில் தொழில் செய்யும் பெரிய கம்பெனிகளிடம், இங்கே செலவிடுங்கள், இங்கேயே வாங்குங்கள் என்று சங்கத்தின் பேரால் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இரண்டாவது, தனித்தனிக் கடையாக நின்றால் டெண்டரில் நமக்கு இடமில்லை. இருபது கடை சேர்ந்து ஒரு கூட்டுறவாக நின்றால் உண்டு. ஐக்கிய நாடுகள் அமைப்புகளுக்குப் பொருள் விற்க விரும்புவோர் அவற்றின் பொதுக் கொள்முதல் பட்டியலில் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். நம் இளைஞர்கள் இதைச் செய்து பார்க்கட்டும்.

மூன்றாவது, நிக்கோபாரில் வியாபாரம் செய்ய 1956ஆம் வருடப் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி உரிமம் வேண்டும். அதை ஒரு தடையாக நினைக்கிறவர்கள் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. அந்த மண்ணுக்கு உரியவரின் சம்மதம் இல்லாமல் அங்கே கடை விரிக்காதே என்பதே அதன் உட்பொருள்.

நான்காவது, அடுத்த புயலோ பூகம்பமோ வருவதற்கு முன்பே நம் சங்கம் ஒரு தீர்மானம் போடட்டும். பேரிடர் நாட்களில் அரிசி, மண்ணெண்ணெய், தகரம், ஆணி, தார்ப்பாய் ஆகியவற்றின் விலையை முந்தின நாள் விலையிலேயே நிறுத்துவோம். பழந்துணி அனுப்ப மாட்டோம். என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டே அனுப்புவோம். கணக்கைச் சங்கப் பலகையில் எழுதி ஒட்டுவோம்.

தோழர்களே, நாமும் வெறுங்கையோடு கடல் கடந்து இங்கே வந்த கூட்டத்தின் பிள்ளைகள்தாம். கொடுக்கும் கை மேலே, வாங்கும் கை கீழே என்பது பழைய பேச்சு. கடை மேடையில் அந்தப் பேதம் கிடையாது; பணம் கொடுப்பவரும் பொருள் கொடுப்பவரும் அங்கே நேருக்கு நேர் நிற்கிறார்கள். உதவித் திட்டங்களும் அந்த மேடைக்கு வரட்டும். அதற்கு நாம் முன்கையெடுப்போம்.