டவர் இல்லாத நேரத்தில்

சிலமலை, ராசிங்கபுரம் பக்கமிருந்து விடியுமுன்பே ஜீப் ஏறிப் போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். ஒரு கொண்டை ஊசி வளைவில் போன் பேச்சு அறுந்துபோகும். நாலு வளைவு தாண்டினால் திரும்ப வரும். “டவர் இல்ல” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போம். மனிதர் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், ஒரு கருவி அனுப்பும் அபாயச் சேதி அந்த நேரத்தில் சிக்கிக்கொண்டால்?

2015 ஜூனில் மத்திய அரசு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தைத் தொடங்கியது. நாடு முழுக்க 100 நகரங்கள். மதுரை, கோவை, திருச்சி என்று தமிழ்நாட்டில் 11. தெருவிளக்கு, கேமரா, குடிநீர் மீட்டர் எல்லாம் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் காலம் இது. நகரத்தில் அந்தப் பேச்சு நின்றால் பெரும்பாலும் ஒரு தெரு இருட்டாகும், அவ்வளவுதான். மலையில் கதை வேறு.

நம் மலைக்கு அந்தப் பக்கம் மூணாறில் அந்தோணியார் காலனி இருக்கிறது. அம்ருதா பல்கலைக்கழகத்தின் மனீஷா விநோதினி ரமேஷ் குழுவினர், மண்சரிவை முன்கூட்டியே அறிய அங்கே ஒரு கம்பியில்லா வலையமைப்பை நிறுவினார்கள். சரிவில் ஆழமாகத் துளையிட்டுக் குழாய் இறக்கி, அதற்குள் கருவிகளை வைத்தார்கள். மழைநீர் உள்ளே இறங்க இறங்க மண்ணுக்குள் நீரழுத்தம் ஏறும். மண் தன் பிடியை இழக்கும். அந்த அழுத்தத்தையும் சாய்வையும் கருவி அளக்கும். மேலே உள்ள சின்ன ரேடியோ பக்கத்து ரேடியோவுக்குச் சொல்ல, அது அடுத்ததற்குச் சொல்ல, அங்கிருந்து வைஃபையில் மலையிலுள்ள மையத்துக்கு, பிறகு செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் பக்கத்து அமிர்தபுரிக்கு. வெயில் நாளில் கருவி எப்போதாவதுதான் பேசும், பேட்டரியை மிச்சம் பிடிக்க. ஆபத்து கூடக் கூட அடிக்கடி பேசும். 2009 ஜூலைப் பெருமழையில் அது உண்மையிலேயே எச்சரிக்கை கொடுத்தது.

அதே மூணாறு வட்டாரத்தில் பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, தேயிலைத் தோட்ட லயன் வீடுகள் மேல் மலை சரிந்தது. 70 பேர் போனார்கள், ஏறக்குறைய எல்லாருமே நம் தமிழ்க் குடும்பங்கள். மின்சாரம் இல்லை, செல்போன் தொடர்பும் இல்லை. மறுநாள் காலையில்தான் வெளியே சேதி போனது. எந்த மழைக்காக எச்சரிக்கை வேண்டுமோ, அந்த மழைதான் கரண்டையும் டவரையும் முதலில் படுக்கவைக்கிறது. ஆகவே தனி பேட்டரி வேண்டும். ஒரு வழி அடைபட்டால் சேதி போக மறுவழி வேண்டும்.

அலைவரிசையும் முக்கியம். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை ஈர இலைகள் நிறையவே உறிஞ்சிவிடும். மரநிழலும் மழையுமாக இருக்கும் ஏலக்காட்டில் அது கொஞ்ச தூரத்திலேயே சோர்ந்துபோகும். இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் அலை அதைவிட நன்றாக ஊடுருவும். சில எழுத்துகளே கொண்ட சின்னச் சேதியைக் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோகும்.

இன்னொன்று, அமைதிக்கு என்ன அர்த்தம் என்பது. இரவில் கூர்க்காவின் விசில் கேட்காவிட்டால்தான் நாம் எழுந்து பார்ப்போம். அதுபோல ஒவ்வொரு கருவியும் குறித்த நேரத்துக்கு ஒருமுறை “இருக்கிறேன்” என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மையத்தில் மணி அடிக்க வேண்டும். இது இல்லாத அமைப்பில், செத்துப்போன கருவியும் ‘ஆபத்தில்லை’ என்பதும் ஒன்றாகவே தெரியும்.

பொய்ச் சேதியும் அதே அளவு கெடுதல். நேற்று வந்த எச்சரிக்கையைப் பதிவு செய்து இன்று திருப்பி ஒலிபரப்ப ஒருவனால் முடியும். இரண்டு முறை ஊர் வீணாக ஓடினால் மூன்றாவது முறை யார் எழுந்திருப்பார்? அதனால்தான் நல்ல அமைப்புகளில் சேதி பூட்டப்பட்டு, வரிசை எண்ணோடு போகும். பழைய எண் வந்தால் மையம் தள்ளிவிடும். பூட்டு இருந்தும் சாவியைத் திண்ணையில் வைப்பவர்கள் நாம்தான். 2016-ல் மிராய் என்ற நச்சு நிரல், கம்பெனி போட்ட பாஸ்வேர்டு மாற்றப்படாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்துப் படையாகத் திரட்டியது. அந்தப் படையின் தாக்குதலில் அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை மணிக்கணக்கில் தடுமாறின.

உங்கள் ஊராட்சி கேமராவோ, தண்ணீர்த் தொட்டிக் கருவியோ வாங்கப்போகிறதா? கிராமசபையில் கேளுங்கள்: பாஸ்வேர்டை மாற்றியது யார்? கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும்? கருவி பேச்சை நிறுத்தினால், யார் போனுக்குச் சேதி வரும்?