கோபுரத்தில் பாதி உயரம்



ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரம் 192 அடி. அதன் பக்கத்தில் இஸ்ரோவின் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டை நிறுத்தினால் பாதிக்குச் சற்று மேலேதான் வரும். அதன் உயரம் 34 மீட்டர். 500 கிலோ வரை சுமக்கும் இந்தச் சின்ன ராக்கெட்டுக்காக அண்டை மாவட்டமான தூத்துக்குடியில், குலசேகரன்பட்டினத்தில், 2,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில் புதிய ஏவுதளம் எழுகிறது. 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுதளம் இருக்க, இன்னொன்று எதற்கு?

ராஜபாளையத்துக்காரர்களுக்கு விடை எளிது. மேற்கே கண்ணெதிரில் மலை. அதைத் தாண்டினால் கேரளம். ஆனாலும் கொல்லம் போகிறவர் தெற்கே செங்கோட்டை வரை போய்த்தான் மலையைக் கடக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குக் கிளம்பும் ராக்கெட்டுக்கு இலங்கைதான் அந்த மலை. கழன்று விழும் அடுக்குகள் ஊர்மேல் விழக்கூடாது என்பதால், தீவைச் சுற்றிக்கொண்டு பிறகு தெற்கே திரும்புகிறது. பெரிய ராக்கெட் அந்தச் சுற்றைத் தாங்கும். சின்னதுக்கோ, திரும்புவதற்கு எரியும் எரிபொருளே சுமக்கும் எடையைக் குறைத்துவிடும். குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் கடல்தான்.

அந்தச் சின்ன ராக்கெட்டும் முதல் முறையே ஜெயித்துவிடவில்லை. 2022 ஆகஸ்ட் 7 அன்று இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது சற்று நேரமே நீடித்த அதிர்வை, கருவிகளே பழுதாகிவிட்டதாக அதன் கணினி எடுத்துக்கொண்டது. செயற்கைக்கோள்கள் தவறான பாதையில் விடப்பட்டு வீணாயின. காரணத்தைத் தேடிப் பிடித்துத் திருத்தினார்கள். 2023 பிப்ரவரி 10 அன்று அது வென்றது.

ஏவுதளத்தின் கதை கான்கிரீட்டில் தொடங்குவதில்லை. பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டியிருந்ததால் திருவனந்தபுரம் அருகே தும்பா என்ற மீனவக் கிராமத்தை ராக்கெட் ஏவ விஞ்ஞானிகள் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே புனித மகதலேனா மரியாள் தேவாலயம் இருந்தது. அந்த விஞ்ஞானிகளின் தலைவர் விக்ரம் சாராபாய், பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைப் போய்ப் பார்த்தார். அந்த இடத்தைத் தரலாமா என்று ஞாயிறு பூசைக்கு வந்த மக்களிடம் பிஷப் நேரே கேட்டார், அவர்கள் சம்மதித்தார்கள். அப்துல் கலாம் பல மேடைகளில் நெகிழ்ந்து சொன்ன நிகழ்ச்சி இது. தேவாலயம் அலுவலகமானது, மாட்டுத்தொழுவம் ஆய்வுக்கூடமானது. ராக்கெட்டின் மூக்குக் கூம்பு சைக்கிள் கேரியரில் போனது. 1963 நவம்பர் 21 மாலை முதல் ராக்கெட் கிளம்பியது.

அந்தத் தேவாலயத்தை யாரும் இடிக்கவில்லை. இன்று அது விண்வெளி அருங்காட்சியகம்.

குலசேகரன்பட்டினமும் மீனவர்களும் பனைமரங்களும் நிறைந்த ஊர். ராக்கெட் ஏவும் நாளில் அதன் பாதையிலுள்ள கடலுக்குப் படகு போக முடியாது. அன்றைய பாடு அவ்வளவுதான். இன்று பட்டம் பெறுகிறவர்களில் சிலர் நாளை அந்த ஏவுதளத்தின் கட்டுப்பாட்டு அறையில் உட்காரக்கூடும். தேதி குறித்ததும் தாளில் ஓர் அறிவிப்பு அனுப்புவதோடு நிற்காமல், அவர்களில் ஒருவராவது கரைக்கு நடந்துபோய், வலை பின்னிக்கொண்டிருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த நாள், எத்தனை மணி, ஏன் என்று சொல்லிவிட்டு வரட்டும்.