இன்னாருடைய சம்சாரம்

ஆம்பூர்த் தாய்மார்களே, பேரணாம்பட்டிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் வந்திருக்கிற தோழர்களே!

வாரத்தில் ஆறு நாள் விடியலில் கம்பெனி பஸ் பிடிக்கிறவர்கள் நீங்கள். ஞாயிற்றுக்கிழமைத் துணியை ஊறப்போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். சீக்கிரம் முடித்துவிடுகிறேன். இப்படிச் சொன்ன எவரும் சீக்கிரம் முடித்ததில்லை, அது உங்களுக்கும் தெரியும்.

1951-52இல் முதல் பொதுத்தேர்தல். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஓட்டு என்று அரசியலமைப்பு எழுதியாகிவிட்டது. வாக்காளர் பட்டியல் எழுதப் போனால், வடக்கே ஏராளமான பெண்கள் தங்கள் பேரைச் சொல்லவில்லை. இன்னாருடைய சம்சாரம், இன்னாருடைய மகள் என்றார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் கறாராக நின்றார்: சொந்தப் பேர் இல்லையென்றால் பதிவு இல்லை. ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் விடுபட்டுப் போனார்கள். கொடுமைதான். ஆனாலும் அந்த மனிதர் பிடித்த பிடிவாதத்தில் எனக்கு மரியாதை உண்டு.

இன்றைக்கு ஷூவுக்கு அப்பர் தைக்கிற உங்கள் பேர் சம்பளச் சீட்டில் இருக்கிறது, பி.எஃப். கணக்கில் இருக்கிறது. சரி, ஊராட்சிக்கு வாருங்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. போர்டில் பிரசிடென்ட் அம்மா பேர். நாற்காலியில் யார்? "பிரசிடென்ட் வீட்டுக்காரர்!" சிரிக்கிறீர்கள், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. எழுபது வருஷத்தில் 'இன்னாருடைய சம்சாரம்' புரண்டு படுத்து 'இன்னாருடைய புருஷன்' ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

சட்டமன்றத்துக்கு 2021இல் ஜெயித்த 234 பேரில் பெண்கள் 12. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றால் 78 வரவேண்டும். அதற்கான மசோதா முதலில் வந்தது 1996இல். 2010இல் மாநிலங்களவை தாண்டியது, மக்களவையில் படுத்தது. 2023 செப்டம்பரில்தான் அரசியலமைப்பின் 106ஆவது திருத்தமாக நிறைவேறியது. மக்களவையில் எதிர்த்தவர்கள் இரண்டே பேர். ஆதரித்த கையோடு ஒரு பூட்டும் போட்டார்கள்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கட்டும், தொகுதி மறுவரையறை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்.

ஷூ ஆர்டருக்கு ஷிப்மென்ட் தேதி உண்டு. தப்பினால் விமானத்தில் அனுப்பவேண்டும், செலவு கம்பெனி தலையில். அந்தத் தேதிக்காக நீங்கள் எத்தனை நாள் ஓவர்டைம் பார்த்திருப்பீர்கள்! இந்த ஓர் ஆர்டரை மட்டும் தேதி போடாமலே எழுதினார்கள்.

ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் தேதியைக் கேளுங்கள். அதற்கு முன்னால், அடுத்த கிராம சபையில் அந்த நாற்காலியில் அம்மாவையே உட்காரச் சொல்லுங்கள். வீட்டுக்காரருக்கு ஓரமாக ஒரு பெஞ்சு போடலாம். நான் ஒன்றும் வேண்டாமென்று சொல்லவில்லை.